முயலின் மேல் ஒரு சந்தேகம்

குழந்தை பிடிவாதம் பிடித்தது என்ற ஒரே காரணத்திற்காகப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலே பேரம் பேசி வாங்கப்பட்டு, துளையிட்ட அட்டைப்பெட்டிக்குள் அடைபட்டு, தாம்பரத்தில் விழுப்புரம் பாசஞ்சரில் ஏறி, செங்கல்பட்டு ஏரியையும் மேல்மருவத்தூரையும் கடந்து திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ வந்து இறங்குகிற ஒரு ஜோடி வெள்ளை முயல்கள், தாங்கள் புகப்போகிற வீட்டில் எத்தனை விவாதங்களுக்கு வித்திடப் போகின்றன என்பதை அந்தப் பிரயாணத்தின்போது எவரும் ஊகிப்பதில்லை. முதல் சில வாரங்கள் வாத்ஸல்யத்திலேயே கழிகின்றன. முயல்களுக்குப் பெயர் சூட்டுவதும், கேரட் நறுக்கிப் போடுவதும், வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் தூக்கிக் காட்டுவதுமாக வீடு கலகலப்பாயிருக்கிறது. பிறகு ஒரு நாள் விடியற்காலையில் வீட்டில் ஒருவருக்குத் தும்மல் தொடங்குகிறது. ஒன்று, இரண்டு என்று நில்லாமல் பத்துப் பதினைந்தாகத் தொடர்கிறது. கண் சிவந்து அரிக்கிறது. மூக்கிலிருந்து தண்ணீராய் ஒழுகுகிறது. சில வீடுகளில் இரவு நடுநிசிக்கு மேல் மார்பிலே விசில் ஊதுவதுபோன்ற சப்தமும் கேட்கத் தொடங்கி, மறுநாள் காலையில் "புள்ளைக்கு வீசிங் வந்துடுச்சு" என்ற செய்தி தெருக்கோடி வரையில் எட்டிவிடுகிறது.

அப்பொழுதுதான் குடும்ப நீதிமன்றம் கூடுகிறது. "முயல் முடி மூச்சுல போயி ஒட்டிக்கும்டா, அது புள்ளைக்கு ஆவாது, கொண்டுபோய் எங்கியாவது உட்டுட்டு வா" என்று ஆயா தீர்ப்புச் சொல்லிவிடுகிறாள். "ரெண்டு மாசமா ஒண்ணும் பண்ணாதது இப்ப மட்டும் என்ன பண்ணும் ஆயா?" என்று பேரன் வழக்காடுகிறான். தந்தை ரோட்டுப் புழுதியைக் குற்றம் சாட்டுகிறார். தாய், மார்கழிப் பனியில் தலைக்குக் குளித்ததை நினைவூட்டுகிறாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற ஸ்வபாவம் நம் எல்லோருக்கும் உண்டு என்றாலும், அந்தப் பழமொழி இவ்வளவு பொருத்தமாக அமைகிற சந்தர்ப்பம் வேறொன்று கிடைப்பது அரிது.

இந்த வழக்கில் ஆயாவும் பேரனும் ஆளுக்குப் பாதி சரியாகச் சொல்கிறார்கள் என்பதே என் அபிப்பிராயம். அந்தப் பாதிகளைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

முடி என்பது உண்மையில் குற்றவாளியன்று, குற்றவாளியைச் சுமந்து செல்லும் வாகனம். முயல் நாள் முழுவதும் தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொள்கிற பிராணி. அவ்வாறு நக்கும்போது அதன் உமிழ்நீரிலுள்ள சில புரதங்கள் ரோமத்தில் படிந்து, காய்ந்து, கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள்களாக உதிர்ந்து காற்றில் மிதக்கின்றன. தோலிலிருந்து உதிரும் செதிலிலும் சிறுநீரிலும் இத்தகைய புரதங்கள் உண்டு. வீட்டு முயலுக்கு விஞ்ஞானிகள் இட்ட ஓரிக்டோலாகஸ் குனிகுலஸ் என்ற நாமதேயத்தையே சுருக்கி, இப்புரதங்களுக்கு ஓரி சி 1, ஓரி சி 3 என்பதுபோல வரிசை எண்கள் கொடுத்திருக்கிறார்கள். இவற்றுள் மூன்றாவதைப் பிரித்தெடுத்து, அது பூனையினிடத்தில் ஒவ்வாமை விளைவிக்கும் பிரதானப் புரதத்தின் இனத்தைச் சேர்ந்தது என்று லக்ஸம்பர்க் ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்டார்கள். ஆகவே, ரோமம் குட்டையான ஜாதியாகப் பார்த்து வாங்கினால் தும்மல் வராது என்று வியாபாரி சொல்வதற்கு ஆதாரமில்லை. உமிழ்நீரில்லாத முயலை அவர் விற்பாரானால் அப்போது நம்பலாம்.

பேரனுடைய வாதம் இன்னும் சூட்சுமமானது. ஆனால் அதில்தான் பெரிய பிழை ஒளிந்திருக்கிறது. அலர்ஜி என்ற பதத்தை வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே 1906இல் படைத்தபோதே, சரீரம் ஒரு பொருளை முதலில் சந்தித்து அதைப் பரிச்சயப்படுத்திக்கொண்ட பிறகே வேறுவிதமாக நடந்துகொள்கிறது என்ற கருத்து அதில் அடங்கியிருந்தது. முதல் நாள் முயலைத் தூக்கிக் கொஞ்சியபோது ஒன்றும் நிகழவில்லை. பல வாரங்கள், சிலருக்கு மாதங்கள், இன்னும் சிலருக்கு ஓரிரு வருஷங்கள் கூட ஒன்றும் நிகழ்வதில்லை. அந்த அமைதியான காலத்தில் உடம்பு மெள்ள மெள்ள அந்தப் புரதத்திற்கு எதிரான பொருளைத் தயாரித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பொருள் போதிய அளவு சேர்ந்து, மூக்கிலும் கண்ணிலும் சுவாசக்குழாயிலும் குடியிருக்கும் சில உயிரணுக்களின்மேல் அமர்ந்தபின், அடுத்த முறை முயலின் துகள் வந்து தொட்டவுடன் அந்த உயிரணுக்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. இத்தனை நாள் ஒன்றும் செய்யாதது இனியும் செய்யாது என்ற தர்க்கம் வேறு பல விஷயங்களில் செல்லுபடியாகலாம். இந்த விஷயத்தில் ஆகாது.

அந்த எதிர்ப்பொருளைக் கண்டுபிடித்த சரித்திரத்தில் முயலுக்கே ஒரு பங்கிருப்பதை இங்கே சொல்லாமற் போனால் அதற்கு அநியாயம் செய்தவனாவேன். டென்வர் நகரத்தில் குழந்தைகளுக்கான ஆஸ்துமா ஆராய்ச்சி நிலையத்தில் உழைத்த கிமிஷிகே இஷிஸாகா, டெருகோ இஷிஸாகா என்ற ஜப்பானியத் தம்பதிகள், ஒவ்வாமை உள்ளவர்களின் ரத்தத்திலிருந்து அந்த மர்மமான அம்சத்தைப் பிரித்து, அதை முயல்களுக்குச் செலுத்தி, முயல்களின் உடம்பு அதற்கெதிராக உண்டாக்கிய சீரத்தைக் கொண்டே அந்த அம்சம் இன்னதென்று பிடித்தார்கள். பரீட்சைக்கு வேண்டிய தோலைத் தங்கள் முதுகிலிருந்தே கொடுத்தார்கள். 1966இல் அவர்கள் அதை அறிவித்தார்கள். சுவீடனில் ஜோஹான்ஸன், பென்னிக் என்ற இருவரும் வேறு வழியாக அதே இடத்திற்கு வந்து சேர, 1968இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் அதற்கு ஐ.ஜி.இ. என்ற பெயர் நிலைத்தது. இன்று விழுப்புரத்தில் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் டாக்டர் எழுதித் தருவது அந்த மூன்று எழுத்துகளையே.

சரி, முயலினால் ஒவ்வாமை வரக்கூடும் என்பது ஸ்தாபிதமாகிவிட்டது. இந்த வீட்டில், இந்தப் பிள்ளைக்கு, முயலினால்தான் வந்ததா என்பது, பேரனுடைய வாதத்தின் சரியான பாதி எழுப்புகிற வேறு கேள்வி. அதற்கு விடை தேடப் புறப்படுகிறவர், முயலைச் சுற்றி நிற்கிற மற்றச் சந்தேக நபர்களையும் ஒவ்வொருவராக நிறுத்தி விசாரிக்காமல் முடியாது. அதிலும் நம்முடைய விழுப்புரம் ஜில்லாவில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமேயில்லை.

முதலாவது, முயல் தின்கிற தீனி. சீமையிலே உலர்ந்த புல்லைக் கட்டுக்கட்டாகக் கடையில் வாங்கிப் போடுகிறார்கள். நம் ஊரில் அருகம்புல்லும், வேலிமசாலும், கல்யாணமுருங்கைத் தழையும், அகத்தியும், கிடைத்தபோது காய்ந்த நிலக்கடலைக் கொடியுமாகப் போடுகிறோம். திண்டிவனமோ நிலக்கடலைக்குப் பேர்போன ஊர். இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகங்கள் டி.எம்.வி. என்ற முத்திரையோடு நாடெங்கும் பரவியிருக்கின்றன. அறுவடைக்குப் பின் மழையில் நனைந்து அரைகுறையாகக் காய்ந்த கடலைக்கொடியை உதறினால் எழும்புகிற சாம்பல்நிறத் தூசி பூஞ்சையின் விதைத்துகளே. ஆஸ்துமாக்காரர்களுக்கு அது பெரிய சத்துரு. கூண்டின் கீழே பரப்புகிற வைக்கோலும் இதே சாதி. தண்டவாள ஓரத்திலும் புறவழிச்சாலை ஓரத்திலும் புல் அறுத்து வருகிறவர், அதனோடு பார்த்தீனியத்தையும் சேர்த்து அறுத்து வந்துவிடுவதுண்டு. 1950களில் புனே அருகே முதன்முதலாகக் கவனிக்கப்பட்டு, பிறகு தேசமெங்கும் படர்ந்த இந்த வெள்ளைப் பூச்செடி, தொட்டால் தோலைப் புண்ணாக்கும், அதன் மகரந்தம் மூக்கில் ஏறினால் தும்ம வைக்கும். கூண்டருகே போனால்தான் தும்மல் வருகிறது என்று ஆயா சாட்சி சொல்வது பிரத்தியட்ச உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கூண்டிலே முயல் மட்டுமா இருக்கிறது?

இரண்டாவது, காற்று. சீமைக்கருவேலம் இல்லாத ஏரிக்கரையும், சவுக்குத் தோப்பு இல்லாத கடலோரக் கிராமமும் இந்தப் பிரதேசத்தில் அபூர்வம். இவ்விரண்டின் மகரந்தமும் ஒவ்வாமைக்குக் காரணமாவது நம் நாட்டில் நன்கு தெரிந்த சங்கதி. மூன்றாவது, சுவர். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையேறியபோது, திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடைப்பட்ட மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதை எவரும் மறந்திருக்க முடியாது. அப்படி ஒரு வெள்ளத்தில் ஊறிய சுவர்கள் மாதக்கணக்கில் ஓதம் காத்து, பீரோவுக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சையை வளர்க்கும். ஓதமும் உஷ்ணமும் சேர்ந்த இடத்தில் படுக்கையில் வாழும் நுண்ணிய சிலந்தியினப் பூச்சிகளும் பல்கிப் பெருகும். நம்முடையதைப் போன்ற உஷ்ணப் பிரதேசங்களில் ஒவ்வாமைக்கு முதற்காரணம் இவையும் கரப்பான்பூச்சிகளுமே. புயலுக்கு அடுத்த மாதம் முயல் வாங்கிய வீட்டில் தும்மல் தொடங்கினால், சுவரை விட்டுவிட்டு முயலைக் கைதுசெய்வது எளிது. ஏனெனில், சுவரைப் பல்லாவரத்திலிருந்து யாரும் வாங்கி வரவில்லை.

தோலில் மட்டும் அரிப்பு என்றால் விசாரணையே வேறு திசையில் போக வேண்டும். முயலுக்குச் சொறி வருவதுண்டு. அந்தச் சொறிப்பூச்சி தூக்கிக் கொஞ்சுகிறவர் கையிலும் வயிற்றிலும் சில நாள் தங்கி அரிப்பு உண்டாக்கும். வட்டமாய் ஓரம் சிவந்து பரவினால் அது படர்தாமரை. முயலிடமிருந்து குழந்தைக்குத் தொற்றக்கூடியதே. இரண்டையும் காணாக்கடி என்றோ அலர்ஜி என்றோ பெயரிட்டு எண்ணெய் தடவிக்கொண்டிருப்பதில் பிரயோஜனமில்லை. பிள்ளையைத் தோல் மருத்துவரிடமும் முயலைக் கால்நடை மருத்துவரிடமும் ஒருங்கே காட்டினால் இரண்டும் குணமாகிவிடும், முயலும் வீட்டிலேயே இருக்கலாம். இன்னொன்று, கூண்டுத் தட்டில் தேங்கிய சிறுநீரிலிருந்து கிளம்பும் அம்மோனியா நெடி. இது ஒவ்வாமையன்று, வெறும் எரிச்சல். யார் மூக்கையும் எரிக்கும். தட்டை நாள்தோறும் கழுவினால் தீர்ந்தது.

ஆகையால் முதற்காரியம், ஒரு நோட்டுப்புத்தகம் போட்டு எழுதி வைப்பது. எந்த நேரத்தில் தும்மல் வந்தது, அதற்கு முன் பிள்ளை எங்கே இருந்தான், முயலைத் தொட்டானா, புல் உதறினார்களா, அன்று வீடு பெருக்கினார்களா என்று இரண்டு மூன்று வாரம் எழுதிவந்தால் பல மர்மங்கள் தாமே அவிழும். முயலைத் தொட்ட சில நிமிஷங்களுக்குள் கண் அரித்து, நகம் கீறிய இடம் தடித்து எழும்பினால் சந்தேகம் பலப்படுகிறது. மாலையில் விளையாடியவனுக்கு நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்து, இரவில் இளைப்பு வருவதும் உண்டு. அதனால் அந்த நேரத்தில் முயல் கூண்டிலே தூங்கிக்கொண்டிருந்தது என்பது அதற்கு நிரபராதிச் சான்றாகாது. புல்லை வேறொருவர் வாசலிலேயே உதறி, ஈரப்படுத்திக் கொண்டுவந்து போடட்டும். முயலைப் பிள்ளை வழக்கம்போல் தொடட்டும். தும்மல் நின்றால் குற்றம் புல்லினுடையது. ஆனால் இளைப்பு வந்த பிள்ளையிடம் இத்தகைய பரீட்சைகளை வீட்டிலே செய்து பார்ப்பது கூடவே கூடாது.

பிறகு மருத்துவர். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ போகிறவர்கள் இரண்டு விஷயங்களை மனத்தில் வைத்துக்கொள்வது நலம். முன்கையில் சாற்றுத்துளிகளை வைத்து ஊசிமுனையால் லேசாகக் குத்தி, கால்மணி நேரத்தில் எது தடிக்கிறதென்று பார்க்கிற தோல் பரிசோதனை எளிமையானது, வலியில்லாதது; ஆனால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய அவிலோ செட்டிரிசினோ உள்ளே போயிருந்தால் தடிப்பே எழும்பாமல் பரிசோதனை பொய்த்துவிடும். ஐந்து முதல் ஏழு நாள் முன்பாக அவற்றை நிறுத்த வேண்டுமா என்பதை டாக்டரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். முயலுக்குரிய சாற்றை எல்லா இடத்திலும் வைத்திருப்பதில்லை என்பதால் அதையும் முன்கூட்டி விசாரித்துவிடுவது உத்தமம். மற்றது, ரத்தத்தில் மொத்த ஐ.ஜி.இ. அதிகம் என்று வந்த சீட்டைப் பார்த்து நடுங்குவது. குடலில் புழு இருந்தாலே அந்த எண் ஏறிவிடும். வெறுங்காலோடு வயல்வரப்பில் நடக்கிற பிள்ளைகள் உள்ள நாட்டில் அதனால் முயலைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. முயலுக்கென்று தனியாகப் பார்க்கிற ஐ.ஜி.இ. அளவே பேசும், அதுகூட நோட்டுப்புத்தகத்தோடு சேர்த்துப் படித்தால்தான்.

விடை வரும்வரையில் முயலை எங்கே வைப்பது? இங்கேதான் மேல்நாட்டு யோசனைகள் நம்மைக் கைவிடுகின்றன. பிராணியை வீட்டுக்கு வெளியே வைத்துவிடுங்கள் என்று அவர்கள் எளிதாக எழுதிவிடுகிறார்கள். அவர்களுடைய ஊரில் அது நடக்கும். ஐபீரியத் தீபகற்பத்தின் வளைகளில் பிறந்த இனம் முயல். அதற்கு வியர்ப்பதில்லை, நாயைப்போல் நன்றாக இளைக்கவும் தெரியாது. உடம்பின் சூட்டை அந்த நீண்ட காதுகளின் வழியேதான் வெளியேற்ற வேண்டும். முப்பது டிகிரியைத் தாண்டினால் வாடத் தொடங்கி, முப்பத்தைந்துக்கு மேல் உயிருக்கே மோசம் வந்துவிடுகிற அந்த ஜீவனை, பாதரசம் நாற்பதைத் தொடுகிற அக்னி நட்சத்திரத்து விழுப்புரத்தில், தகரக் கொட்டகையின் கீழ் மொட்டைமாடியில் கொண்டுபோய் வைப்பது, மெதுவாகக் கொல்வதற்கு மறுபெயர். தமிழகத்தில் முயல் வளர்ப்பை வெகுகாலமாக ஆராய்ந்துவருகிற நிலையங்கள் நீலகிரிச் சாண்டிநல்லாவிலும் கொடைக்கானல் மலையின் மன்னவனூரிலும் குளிர்ந்த இடங்களாகப் பார்த்து அமைந்திருப்பதிலிருந்தே அதன் சுபாவத்தை உணர்ந்துகொள்ளலாம்.

ஆனால் பழைய தென்னாற்காட்டு வீடுகளுக்கு ஒரு சௌகரியம் உண்டு. வடக்குப் பார்த்த தாழ்வாரமோ, கிணற்றடிக்கு அருகே வேம்பின் நிழலோ, காற்றோட்டமான பின்கட்டோ இருக்கிற வீட்டில், படுக்கையறையிலிருந்து தூரமாகவும் வெயில் படாமலும் கூண்டை வைத்து, கோடையில் ஈரச்சாக்கைத் தொங்கவிட்டுவிட்டால் முயலுக்கும் க்ஷேமம், பிள்ளைக்கும் க்ஷேமம். கம்பளம் விரித்த தரையில்லாமல் மொசைக்கோ சிமெண்டோ போட்ட தரையாயிருப்பது மற்றொரு பாக்கியம்; துடைப்பத்தால் உலர்வாகப் பெருக்கித் துகளைக் கிளப்பாமல், ஈரத்துணியால் துடைத்தெடுத்தாலே பெரும்பங்கு போய்விடும். நகரத்து அடுக்குமாடியில் ஒரே அறையை அடைத்து, ஏ.சி.யைப் போட்டு, முயலையும் பிள்ளையையும் ஒன்றாகத் தூங்கவைப்பதுதான் இருக்கிற ஏற்பாடுகளில் மிக மோசமானது. கூண்டு கழுவுவதும் ரோமம் வாருவதும் ஒவ்வாமையில்லாத ஒருவருடைய பொறுப்பாக இருக்க வேண்டும். அதுவும் வாசலிலே, முகத்தில் துணி கட்டிக்கொண்டு. அந்தப் பொறுப்பு, முயல் வேண்டாமென்று முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்த தாயின் தலையிலேயே வந்து விழுவதை நம் குடும்பங்களில் காண்கிறோம். இதுவும் ஒரு ஒவ்வாமைதான், அதற்கு மருத்துவம் வேறு. முயலைத் தண்ணீரில் குளிப்பாட்டித் துகளைப் போக்கலாம் என்று சிலர் முயல்வதுண்டு. வேண்டாம்: பயத்தினாலும் உடல் சில்லிட்டும் அது மாண்டுபோகக் கூடும்.

இவ்வளவும் தும்மல், கண்ணரிப்பு என்ற எல்லைக்குள் நிற்கிறவர்களுக்கு. மார்பு இளைக்கத் தொடங்கிவிட்டதென்றால் நான் சமரசம் பேசமாட்டேன். இளைப்பும், முயலைச் சுட்டும் பரிசோதனையும், நோட்டுப்புத்தகத்தின் சாட்சியும் ஒன்றுசேர்ந்துவிட்ட வீட்டில், மாத்திரையைப் போட்டுக்கொண்டு முயலையும் வைத்துக்கொள்ளலாம் என்பது பிள்ளையின் சுவாசத்தைப் பணயம் வைக்கிற சூதாட்டம். இன்ஹேலர் பழகிப்போய்விடும், பெண்பிள்ளைக்கு அதைக் கொடுத்தால் நாலுபேர் என்ன சொல்வார்கள் என்ற பேச்சுகளையும் இந்த இடத்தில் ஒதுக்கிவிட வேண்டும். இளைப்புக்குத் தருகிற சால்ப்யூட்டமால் மாத்திரையில் இருப்பது 2 அல்லது 4 மில்லிகிராம். அதே மருந்து இன்ஹேலரில் ஒரு தரம் உறிஞ்சும்போது வருவது 100 மைக்ரோகிராம், அதாவது மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு. நேரே வேண்டிய இடத்திற்குப் போவதால் அவ்வளவு குறைவாகப் போதும். எது உடம்புக்கு அதிக பாரம் என்பதை இந்தக் கணக்கே காட்டும்.

முயலைப் பிரிய வேண்டுமென்று தீர்மானமாகிவிட்டால், ஆயா சொன்னதுபோல் எங்கேயாவது விட்டுவிட்டு வருவது ஒரு வழியாகாது. தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்து வளர்ந்த வெள்ளை முயலுக்கு ஏரிக்கரை முள்ளுக்காடு தாய்வீடன்று. முதல் இரவே நாயோ கீரியோ அதன் கதையை முடித்துவிடும். நம் வயல்களில் ஓடுகிற, 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலிலிருக்கிற காட்டுமுயல், பிறக்கும்போதே ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கிற வேறொரு ஜீவன். கடலைக்கொல்லையில் கிடைத்த குட்டியென்று அதை வீட்டில் வைத்திருப்பவர்கள் ஒவ்வாமைக்கு முன்பாகச் சட்டத்தை நினைத்துக்கொள்வது நல்லது. வீட்டு முயலைத் தெரிந்த குடும்பத்திற்கு, அங்கே இளைப்புக்காரர் யாருமில்லையென்று கேட்டறிந்து, கூண்டோடும் அது தின்கிற தழையின் விவரத்தோடும் கொடுக்க வேண்டும். பண்ணைக்காரர் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் பண்ணையென்பது இறைச்சிக்காக நடப்பதென்பதைப் பிள்ளையிடம் மறைத்து, முயல் தோட்டத்தில் விளையாடுகிறது என்று கதை சொல்லிவைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். பத்து வயதுப் பிள்ளை அதைக் கண்டுபிடித்துவிடுவான். பிறகு அவனுக்கு டாக்டர் சொன்னதும் பொய்யாகவே தோன்றும்.

முயல் போன அடுத்த வாரமும் தும்மல் நிற்கவில்லை, ஆகவே அது நிரபராதி, திரும்பக் கொண்டுவாருங்கள் என்று வீட்டில் மறுவிசாரணை கோருவார்கள். அவசரப்படலாகாது. பூனையை அப்புறப்படுத்திய வீடுகளில் அளந்து பார்த்தபோது, அதன் துகள் போதிய அளவு குறைவதற்கு ஐந்தாறு மாதங்கள் வரையில் பிடித்திருக்கிறது. முயலின் புரதமும் மெத்தையிலும் திரைச்சீலையிலும் சோபாவின் பஞ்சிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்றே கொள்ள வேண்டும். மெத்தைக்கு உறை போட்டு, போர்வைகளை வெந்நீரில் அலசி, சுவரையும் விசிறியின் இறக்கைகளையும் ஈரத்துணியால் துடைத்து, கூண்டு இருந்த மூலையைக் கழுவிவிட்டு, தை அறுவடையின் வைக்கோல் தூசியும் ஓய்ந்த பிறகு, அதே நோட்டுப்புத்தகத்தை எடுத்து மறுபடி எழுதத் தொடங்கலாம். சித்திரை வரையில் எழுதிய பிறகு அதை டாக்டரிடம் காட்டினால், இன்ஹேலரின் அளவைக் குறைக்கலாமா என்பதை அவர் சொல்வார்.